மீசைத் தாலாட்டு

முன்னொரு காலத்தில், தொட்டிலுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்த நாடு ஒன்று இருந்தது. பிள்ளை பிறந்தால், தகப்பன் தானே கட்டிய தாலாட்டைப் பாடித்தான் அதைத் தொட்டிலில் இடவேண்டும். அதுவரை பிள்ளைக்குக் கைதான் மெத்தை. உழவன் வரப்பிலிருந்து வந்து பாடுவான், குயவன் மண் கையோடு பாடுவான். பதினாறாம் நாள் பிள்ளை தொட்டிலில் தூங்கும்.

ராஜா செண்பகமாறனுக்குப் பெண் பிறந்து மூன்று மாதமாகியும் பாட்டு வரவில்லை. ‘நிலவே’ என்று எழுதுவார். “நிலவில் கறை உண்டே, அரசே” என்பார் அரண்மனைப் புலவர் அட்சரமூர்த்தி. ‘மலரே’ என்றால், “வாடிவிடுமே” என்பார். ராஜா மறுபடி யோசிக்க உட்காருவார். குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாதிகளுக்குத் தோள் இறங்கிப்போயிற்று. ராணி ராஜாவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

பார்க்கப் பொறுக்காமல் விகடகவி சடையாண்டி ஒருநாள் வாயை விட்டான். “தாலாட்டுக்கு ஏன் இத்தனை ஆலோசனை? தும்மல் மாதிரி தானாக வரவேண்டியதல்லவா!”

அட்சரமூர்த்திக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. “அப்படியானால் அவரே வரவழைக்கட்டும், அரசே. ஆனால் பாட்டு தங்கள் வாக்காக இருக்கவேண்டும். சடையாண்டியார் சொல் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது.”

ராஜா ஏற்கெனவே நொந்துபோயிருந்தார். “நாளைக் காலை என் பாட்டு இந்தச் சபைக்கு வந்தாகவேண்டும். வராவிட்டால் நீ நாட்டைவிட்டுப் போ” என்றார். சடையாண்டி போவதற்கென்று புலவர் அன்றைக்கே ஒரு மாட்டுவண்டியை அரண்மனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவு அக்கறை!

“உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கலாம்” என்று புலம்பியபடி மனைவி மூட்டை கட்டினாள். யோசிக்கலாமென்று உட்கார்ந்த சடையாண்டி, ‘இந்த வியாதி நமக்குமா ஒட்டிக்கொண்டது!’ என்று எழுந்துவிட்டான்.

மறுநாள் அந்தப்புரத்துக்குப் போய் ராணியிடம் கேட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு சபைக்கு வந்தான். அது தூக்கம் கண்ணைச் சொக்க வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

“பாட்டு எங்கே?” என்றார் ராஜா.

“மடியில் செருகி வைத்தேன், மகாராஜா. எடுக்கவேண்டும், சற்றுப் பிடியுங்கள்.” குழந்தையை ராஜாவின் கையில் வைத்துவிட்டு மடியைத் தேடினான். தலைப்பாகையை அவிழ்த்துத் தேடினான். ஓலையும் எழுத்தாணியும் கிடைத்தன, பாட்டு கிடைக்கவில்லை. குழந்தை கூரை அதிர அழுதது. ராஜா புலவரிடம் நீட்டினார். புலவர் இரண்டடி பின்னால் போனார். அதற்குள் பிஞ்சு விரல்கள் ராஜாவின் மீசையைப் பற்றிவிட்டன.

“அச்சச்சோ… மீசை வேணுமா? என் செல்லத்துக்கு மீசை வேணுமா? ராசா மீசை இழுத்தா ராச்சியம் கிடைக்குமா? இந்தப் பக்கம் இழுத்தாச்சு, அந்தப் பக்கம் வேணுமா?”

ராஜா சபையை மறந்தார். ஆடி ஆடி மறுபடி மறுபடி அதையே பாடினார். குழந்தை மீசையைப் பிடித்தபடியே தூங்கிப்போயிற்று.

சடையாண்டி அதை அப்படியே எழுதிய ஓலையை நீட்டினான். “பாட்டு வந்துவிட்டது, மகாராஜா. எல்லாம் தங்கள் வாக்கு. என் சொல் ஒன்றுகூட இல்லை.”

“இது பாட்டா? தளை தட்டுகிறது, பொருளே இல்லை!” என்று கூவினார் புலவர்.

“ஷ்ஷ்!” என்றார் ராஜா. மூன்று மாதத்தில் அவர் யோசிக்காமல் புலவருக்குச் சொன்ன முதல் பதில் அதுதான்.

அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை விழித்துவிடுமென்று சத்தமே இல்லாமல், வயிறு குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். தாமே போய் மகளைத் தொட்டிலில் கிடத்தினார். வாசலில் நின்ற வண்டி நிறையப் பட்டும் நெல்லும் ஏற்றச் சொல்லி, சடையாண்டியை அவன் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். ராணி அன்று ராஜாவுக்குத் தன் கையாலேயே சோறு பரிமாறினாளாம்.

அட்சரமூர்த்திக்கு, இளவரசி நடக்கும்வரை அந்தத் தாலாட்டைப் பாடித் தொட்டில் ஆட்டும் வேலை கிடைத்தது. மனுஷர் சும்மா இருப்பாரா? ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சீரைத் திருத்திப் பாடினார். குழந்தை விழித்துக்கொண்டு, அவர் மீசையைப் பிடித்து இழுத்ததாம்.