சுருக்கியிருக்கலாம்

விருதுநகரில் மங்கையர்க்கரசி டீச்சர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் சிலர் கூடி நாவல்களைப் பற்றிப் பேசுவார்கள். வெயில்முத்து டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர், மின்வாரியத்தில் வேலை. ஆனாலும் சீடர் அவர்தான். ஒரு நாவலை எப்படிப் படிப்பது என்று அந்த மாடியில்தான் கற்றுக்கொண்டதாக எல்லோரிடமும் சொல்வார். தானும் ஒரு நாவல் எழுதப்போவதாகச் சொல்வார். அதைச் சொல்ல ஆரம்பித்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

அவர் கூட்டிவந்து அறிமுகப்படுத்திய அழகர்ராஜ் வாயே திறக்காமல் இருந்து, ஒரு நாவலை எழுதி அச்சிட்டும் கொண்டுவந்துவிட்டான். பெயர் 'ஈரச்சாக்கு'. மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவனின் குடும்பக் கதை. வருகிற ஞாயிறு கூட்டம் அந்தப் புத்தகத்துக்குத்தான்.

"நீங்கதான் முதல்ல பேசணும் அண்ணாச்சி. ஊர் என்ன சொன்னாலும் சரி, நீங்க சொல்றதுதான் எனக்கு" என்று வேறு வெயில்முத்துவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சனிக்கிழமை காலையில் வெயில்முத்து டீச்சர் வீட்டுக்கு வந்தார். டீச்சர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் நாலு நாவல் படிச்சேன் டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒண்ணு வங்காளத்துலருந்து வந்தது. கிழட்டுப் படகுக்காரன் கடைசியில துடுப்பை ஆத்தோட விட்டுடுறான். கண்ணு கலங்கிருச்சு. இன்னொண்ணு நம்மூர் பழைய நாவல். எழுதினவரு போய்ச் சேர்ந்து எம்புட்டோ வருஷமாச்சு. ஒவ்வொரு வரியும் தங்கம். மூணாவது கன்னடம். ஓட்டல் சர்வர் ஒருத்தன், மூணு நாளைக்கு அவன் எங்கூடவே நடந்தான்."

"நாலாவது?"

"ஈரச்சாக்கா? பரவாயில்ல."

"பரவாயில்லைன்னா?"

"முயற்சியைப் பாராட்டணும். கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்."

டீச்சர் சிரித்துவிட்டார். "செத்தவங்களுக்கும் வெளியூர்க்காரங்களுக்கும் அள்ளி அள்ளிக் குடுக்கறீங்க. உள்ளூர்க்காரனுக்குத்தான் கை வரமாட்டேங்குது."

"அப்படியெல்லாம் இல்ல டீச்சர். நெசமாவே சுருக்கினா நல்லாருக்கும்."

சுருக்கியிருக்கலாம் என்பது எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற வார்த்தை. படிக்காத புத்தகத்துக்குக்கூடச் சொல்லலாம். எந்த இடத்தை என்று இதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

டீச்சர் எழுந்து உள்ளே போனார். தன்னுடைய பிரதியையும் ஒரு பென்சிலையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"சுருக்கிக் குடுங்க அண்ணாச்சி."

வெயில்முத்து மாடிப்படியில் உட்கார்ந்தார். முதல் அத்தியாயத்தில் எடைத் தராசுச் சண்டை வந்தது. நீளம்தான் என்று பென்சிலை வைத்தார். படித்துப் பார்த்தால் ஒரு சொல்லை உருவ முடியவில்லை. அடுத்ததில் மழையில் நனைந்த மல்லி மூட்டை. அதுவும் அப்படித்தான். நன்றாக இருக்க இருக்க அவருக்கு வயிறு எரிந்தது. கூட்டிவந்தவன் படியில் கிடக்கிறான், வந்தவன் வீட்டுக்குள் போய்விட்டான் என்று நினைத்தார். மதியம் டீச்சர் சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை.

வெயில் சாயும்போது படியிலிருந்து எழுந்து வந்தார். டீச்சர் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரே ஓரிடத்தில் மட்டும் கோடு விழுந்திருந்தது. காகிதம் கிழியாத குறையாக அழுத்திப் போட்ட கோடு.

டீச்சர் வாய்விட்டுப் படித்தார்.

"மண்டியிலிருந்து வருகிறவன் தூங்குகிற மகளை இடது தோளில்தான் போட்டுக்கொள்வான். வலது தோள் சாக்கு உரசிக் காய்த்துப்போயிருந்தது. பிள்ளைக்கு உறுத்தும்."

புத்தகத்தை மூடாமல் கேட்டார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இது அதிகமா?"



"எங்கப்பாவும் மண்டியில மூட்டை தூக்கினவர்தான் டீச்சர். என்னையும் இடது தோள்லதான் போட்டுக்குவாரு. எப்பவும் இடதுதான். அது ஞாபகம் இருக்கு. ஏன் இடதுன்னு இத்தனை வயசுக்கு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. இவன் அப்பா ஜவுளிக்கடைக்காரரு. மூட்டை தூக்கறதுன்னா என்னன்னே தெரியாத வீடு. இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் அந்த வரிகளை மறுபடி பார்த்தார்.

"எங்கப்பாவை இவன் எழுதிட்டான் டீச்சர். நான் எழுதியிருக்கணும். பொறாமையாத்தான் இருக்கு. ராத்திரியெல்லாம் தூங்கல."

டீச்சர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"நாளைக்கு நான் என்ன பேசட்டும்?" என்று வெயில்முத்து கேட்டார்.

"எதுவும் பேச வேண்டாம். இந்த இடத்தைப் படிச்சுக் காட்டுங்க."

"ரப்பர் இருந்தா குடுங்க டீச்சர். அவன் பார்த்துடப்போறான். கோட்டை அழிச்சிடுறேன்."

டீச்சர் புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே விரித்து அவரிடம் நீட்டினார்.

"அழிக்க வேண்டாம் அண்ணாச்சி. கோட்டோடயே படிங்க."