பல்லிக்கு மிஞ்சிய சொல்

பல்லிகள் வீட்டுச் சுவரையே பார்த்திராத அந்தக் காலத்தில், அவற்றுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. ஆனைப்பாறை என்ற குன்றின் இடுக்குகளில் அவை குடியிருந்தன. காலை வெயில் முதலில் தொடும் பாறைக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல். வெயில் போன பிறகும் சூட்டை விடாத பாறைக்கு வேறொரு சொல். அறுந்து துடிக்கும் வாலுக்கு ஒன்று, அந்த இடத்தில் முளைத்து வரும் வாலுக்கு ஒன்று. சண்டை போடவும் கொஞ்சவும் பொய் சொல்லவும் அதில் வழி இருந்தது. ஒரு பேச்சுக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு மூன்று ஆண்டுகளாக மழை பெய்யவில்லை. குன்றில் புல் காய்ந்தது, பூச்சிகள் போயின. அடிவாரத்து ஊரில் மட்டும் மாட்டுத் தொழுவமும் தானியக் குதிரும் இருந்ததால் அங்கே பூச்சிக்குக் குறைவில்லை. ஒருநாள் காலையில் பல்லிகள் கூட்டமாக இறங்கி வந்து முதல் வீட்டு வாசலில் நின்றன. எல்லா உயிர்களுக்கும் மனிதப் பேச்சு கொஞ்சம் தெரிந்திருந்த காலம் அது. கூட்டத்தின் முன்னால் நின்ற சுணங்கி என்ற பல்லிதான் பேசினாள். அவள் வயிற்றில் முட்டை இருந்தது.

"உங்க வீட்டுப் பூச்சியைப் பிடிச்சுக்கிறோம் தாயி. வேற எதையும் தொடமாட்டோம்."

அது மாயக்காளின் வீடு. ஊரில் அவள் வைத்ததுதான் வழக்கம். கெட்டவள் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"இருந்துக்கோங்க. மத்த வீடுகள்லயும் சொல்லிவிடுறேன். ஆனா ஒண்ணு. அந்தப் பாறைப் பேச்சு வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது. நீங்க என்ன பேசுறீங்கன்னு எனக்கு விளங்காது. என்னைத்தான் திட்டுறீங்களோன்னு இருந்துக்கிட்டே இருக்கும்."

"நாங்க என்ன பேசப்போறோம் தாயி? வெயிலு, பூச்சி, பிள்ளைங்க..."

"அதை எங்க பேச்சுலயே பேசுங்களேன். எங்க கூரை வேணும், எங்க பேச்சு கசக்குதா?"

சுணங்கி தன் முட்டையை நினைத்தாள். வயிறு கனத்தது. சரி என்றாள்.

உத்திரத்துக்குப் பின்னால் முட்டையிட்டாள். அடைகாக்கும் வழக்கம் பல்லிக்கு இல்லை. ஆனாலும் சுணங்கி அதன் அருகிலேயே கிடந்து, யாருக்கும் கேட்காத குரலில், பழைய பேச்சில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிறந்த மகளுக்கு உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளிகள். துத்தி என்று பெயர் வைத்தாள்.

பத்தாம் நாள், அடுப்பங்கரைச் சுவரில் ஓட்டை வழியாக ஒரு துண்டு வெயில் விழுந்தது. அதைக் கண்ட துத்தி சந்தோஷத்தில் துள்ளி, "வெயில் வந்துருச்சு!" என்று பாறைப் பேச்சில் கத்தினாள். அவள் பேசிய முதல் பேச்சு அது. கீழே மாயக்காள் நிமிர்ந்து பார்த்தாள். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

சுணங்கி ஓடிவந்து மகளின் வாயைக் காலால் அழுத்தினாள். "ச்ச்!" என்று அதட்டினாள். பாறைப் பேச்சில் அதற்கு 'வாயை மூடு' என்று பொருள். மற்றதையெல்லாம் மனிதப் பேச்சில் சொல்லப் பழகியிருந்தாள். பதறும்போது மட்டும் பழையதுதான் வந்தது.

அதற்குப் பிறகு துத்தி வாய் தவறிய போதெல்லாம் "ச்ச்!" ஒரு நாளைக்கு முப்பது தடவைகூட.

"ஏம்மா?" என்று அழுதாள் துத்தி.

"உன் நல்லதுக்குத்தான். அந்தப் பேச்சைப் பேசிக்கிட்டிருந்தா இந்தச் சுவர் நமக்குக் கிடையாது."

எல்லா வீட்டுச் சுவர்களிலும் இதே கதைதான். கொஞ்ச காலத்தில் பல்லிக் குஞ்சுகள் மனிதர்களைவிடத் தெளிவாக மனிதப் பேச்சைப் பேசின. பெற்றவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கூரை இடுக்கில் இரண்டு கிழடுகள் பாறைப் பேச்சில் முணுமுணுத்தால் பிள்ளைகள் சிரித்தார்கள். கிழடுகளும் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டன.

துத்தி பெரியவளானாள். அந்த ஆண்டு மாயக்காளின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வெற்றிலையை எடுப்பதற்கு முன், "பொண்ணுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார்.

"அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்" என்றாள் மாயக்காள்.

"இல்லையே!" என்றது சுவரிலிருந்து ஒரு குரல். துத்திதான். அவளுக்குச் சூதுவாது தெரியாது. அழகாகப் பேசுவாள் என்று எல்லோரும் மெச்சி வளர்ந்தவள். "காலையில இருந்து குதிருக்குப் பின்னால உக்காந்து அழுதுக்கிட்டிருக்காளே. அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்னு சொன்னாளே."

வந்தவர்கள் எழுந்து போனார்கள். அந்தப் பெண் பிழைத்தாள். பல்லிகள்தான் பிழைக்கவில்லை. சுவரில் இருந்துகொண்டு எல்லா வீட்டு ரகசியத்தையும் இதுகள் கேட்கின்றன என்பது அன்றுதான் ஊருக்கு உறைத்தது. மறுநாளே ஊர்க்கூட்டம் போட்டார்கள். "எங்க பேச்சைப் பேசுற பல்லிக்குத் துடைப்பம்தான்" என்று மாயக்காள் சொன்னதை ஊரே ஆமோதித்தது. சொன்னபடி செய்தார்கள். அந்த வாரத்தில் செத்த பல்லிகளைக் கூட்டி வாரித் தெருவில் கொட்டினார்கள். மிஞ்சியவை வாயைத் திறக்கவில்லை.

துத்திக்கு முட்டையிடும் நாள் நெருங்கியது. பரணுக்கு மேலே, மூச்சுக் குரலில், தாயிடம் கேட்டாள்:

"அம்மா, மனுஷப் பேச்சு பேசினா கொல்றாங்க. என் பிள்ளைக்கு நான் எதுல பேசுறது? நம்ம பேச்சைச் சொல்லிக்குடு."

சுணங்கி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. "முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சைக் கூப்பிட மட்டும்னு ஒரு சொல் இருந்துச்சு" என்றாள். "இருந்துச்சுன்னு தெரியுது. சொல்லுதான் தெரியலை."

"வேற ஏதாவது சொல்லும்மா. எதுவானாலும் போதும்."

சுணங்கி ஊரிலிருந்த கிழட்டுப் பல்லிகளை எல்லாம் பரணுக்கு வரவழைத்தாள். குன்றில் பிறந்தவை ஒன்பது மிஞ்சியிருந்தன. நாளெல்லாம் யோசித்தன. ஒன்று பாதிச் சொல்லைச் சொன்னது. இன்னொன்று அது அப்படி இல்லை என்று மறுத்தது. அழுதுவிட்டது ஒன்று. கடைசியில், குன்றைப் பார்த்திராத இளசுகளைக் கேட்டன: "உங்களுக்காவது ஏதாவது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எல்லோருக்கும் ஒரே சொல். அவரவர் தாய் நாள் தவறாமல் சொன்ன சொல்.

"ச்ச்."

அதைச் சொல்லிவிட்டு அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சுணங்கி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் சாத்தப்பன் என்றொருவர் அந்த ஊருக்கு வந்தார். பறவை, விலங்குகளின் பேச்சுகள் அழிவதற்கு முன் ஏட்டில் எழுதிவிட வேண்டும் என்று ஊர் ஊராக அலைபவர். மாயக்காள் வீட்டில் உட்கார்ந்து எழுத்தாணியை எடுத்துக்கொண்டு, "பல்லிகளை அதுங்க பேச்சுல பேச விடுங்கம்மா" என்று கேட்டார்.

"அந்தப் பாறைப் பேச்சா? தாராளமாப் பேசட்டும்" என்றாள் மாயக்காள். "இனிமே அதுல எனக்கு என்ன பயம்?"

சாத்தப்பன் சுவரைப் பார்த்துக் கைகூப்பினார். "ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

தென்சுவரில் ஒரு கிழவன் பல்லி தயங்கித் தயங்கி, "ச்ச்" என்றது.

அவர் ஆசையாக எழுதிக்கொண்டார். "இதுக்கு என்ன பொருள்?"

எந்தப் பல்லியும் அசையவில்லை. பொருளைச் சொல்ல மனிதப் பேச்சு வேண்டும். துடைப்பம் மாயக்காளின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சுணங்கி மெல்லச் சுவரில் இறங்கி அவருக்கு நேராக வந்தாள். செத்தாலும் பரவாயில்லை, அந்த ஒன்றின் பொருளையாவது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள்.

மாயக்காளின் கை துடைப்பத்துக்குப் போவதைத் துத்தி கண்டாள். "ச்ச்!" என்று தாயை அதட்டினாள்.

சுணங்கி வாயை மூடிக்கொண்டாள்.

சாத்தப்பன் காத்திருந்து பார்த்தார். பிறகு மாயக்காளிடம் திரும்பினார். "இது சத்தம் போட்டப்ப நீங்க என்னம்மா நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

"இந்த வருஷமாவது மழை பெய்யுமான்னு நினைச்சேன்."

அன்று மாலை மழை பெய்தது. 'தென்சுவரில் பல்லி சொன்னால் நினைத்தது நடக்கும்' என்று சாத்தப்பன் எழுதினார். மற்றத் திசைகளுக்கும் பிறகு யார் யாரோ எழுதிச் சேர்த்தார்கள்.

அன்று தொடங்கியதுதான், பல்லி ஒற்றைச் சொல்லோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதும், அது கேட்டதும் நாம் பேச்சை நிறுத்தி, "பார்த்தியா, பல்லியே சொல்லிருச்சு" என்று மகிழ்ந்துபோய்த் தரையைத் தட்டுவதும்.