ரயில் கூரை இசையும் நாலு உளவாளிகளும்

கோவில்பட்டியில் நாலு பேர் சேர்ந்து ஒரு மன்றம் நடத்திவந்தார்கள். முதலில் ஐந்து பேராகத்தான் ஆரம்பித்தார்கள். ஐந்தாவது ஆள் கொஞ்சம் விவரமானவர். கூட்டத்துக்குக் கூட்டம் ‘ஏன், எதற்கு’ என்று கேட்டு உயிரை வாங்கியதால் அவரை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மன்றத்தில் ஒற்றுமைக்குக் குறைவே இல்லை.

‘கறுப்புக் கையுறை’ என்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு உளவாளிப் படம் வந்தது. அதன் பின்னணி இசைக்குத்தான் மன்றம். படத்தின் இசைத்தட்டில் நாலு பாட்டுகள் மட்டுமே இருந்தன. உளவாளி ஒளிந்துகொள்ளும்போது வாசித்தது, வில்லன் மாடிப்படியில் இறங்கும்போது வாசித்தது, இதெல்லாம் தட்டில் கிடையாது. பாட்டை எவனும் ரசிப்பான், மாடிப்படியை ரசிக்கிறவன்தான் ரசிகன் என்பது மன்றத்தின் கொள்கை. என்றைக்காவது ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்து விரிவான பதிப்பு ஒன்று போடுவார்கள் என்று நாலு பேரும் காத்திருந்தார்கள்.

மன்றத்தின் செயலாளர் தளவாய். மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டுகிறவர். ஊரில் தண்ணீர் மோட்டார் வைத்திருக்கிற வீடுகள் எல்லாவற்றுக்கும் அவரைத் தெரியும். அவருக்குப் பன்னிரண்டு வயதில் அந்தப் படத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. ஓடுகிற ரயிலின் கூரைமேல் உளவாளி நடந்து போவான். அதற்கு ஒரு நிமிஷம் நாற்பது விநாடி ஓர் இசை வரும். அதை ஏழு தடவை தியேட்டரில் கேட்டார். எட்டாவது தடவைக்குக் காசு சேர்ப்பதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். படச்சுருளும் பிற்பாடு எங்கேயோ கெட்டுப்போனது. கண்ணை மூடுவதற்குள் அந்த இசையை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும். தளவாய்க்கு இருந்த ஆசை அது ஒன்றுதான், பாவம்.

மற்ற மூன்று பேரில் தலைவர் நல்லபெருமாள், பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைப்பாண்டி புரோட்டாக் கடை வைத்திருந்தார். மாசானம் தையல்காரர். மன்றத்துக்கு என்று நாலு கறுப்புக் கையுறை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். நாலும் இடது கைக்கானவை. சுவரொட்டியில் உளவாளியின் இடது கைதான் தெரிந்தது என்பது அவர் வாதம். ரயில் கூரை இசை எதில் முடிகிறது என்பதில் மட்டும் அவர்களுக்குள் தகராறு உண்டு. விசிலில் முடியும் என்று தளவாயும் மாசானமும் சொல்ல, டிரம்பெட்டில் முடியும் என்று மற்ற இரண்டு பேரும் சாதிப்பார்கள். இந்த விஷயத்தில் ஒரு தீபாவளி முழுக்க அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்ததும் உண்டு.

இப்படி இருக்கையில் சென்னை கானக்குடில் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. கிடங்கில் பழைய ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி அகப்பட்டிருக்கின்றன. முந்நூறு பேர் வாங்குவார்கள் என்று தெரிந்தால் விரிவான பதிப்பு வெளியிடுவோம். அத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பவும். நாங்கள் முறைப்படி அறிவிக்கும்வரை விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம். இவ்வளவுதான் கடிதம்.

தளவாய் அதைப் படித்துவிட்டு அழுதார். நல்லபெருமாள் அதைப் படித்துவிட்டு அவசரக் கூட்டம் கூட்டினார்.

“முந்நூறு பேர்ட்ட கையெழுத்து வாங்கணும். எதுக்குன்னு ஒருத்தன்ட்டயும் சொல்லக்கூடாது. அப்படித்தானே போட்டிருக்கு?”

“ஆமா அண்ணாச்சி. எதுக்குன்னு கேட்டா என்ன சொல்ல?” என்றார் வெள்ளைப்பாண்டி.

“கேக்காதவன்ட்ட வாங்குவோம்.”

பிரமாதமான யோசனை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தாளின் மேல்பாதியை மடித்து மறைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். ஜனங்களும் நல்ல மாதிரி. “தண்ணிக்குத்தானே?” என்று கேட்டுக்கொண்டே சிலர் போட்டார்கள். “பஸ்ஸு ஊருக்குள்ள வரதுக்கா? கொண்டாரும்” என்று சிலர் போட்டார்கள். கடலைமிட்டாய்க் கடைக்காரர் கேள்வியே கேட்காமல் தனக்கும் தன் மச்சினனுக்கும் சேர்த்துப் போட்டார். மூன்றே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்துவிட்டது.

இனி மேல்பாதியில் விஷயத்தை எழுத வேண்டும். அங்கேதான் நல்லபெருமாளுக்கு அடுத்த சந்தேகம் வந்தது.

“எழுதினா வழியில எவனாவது படிப்பானே. படிச்சா, நாம சொன்ன மாதிரி ஆயிரும்லா?”

படத்தில் உளவாளி எலுமிச்சம்பழச் சாற்றில் எழுதுவான். தாளைச் சூடுகாட்டினால்தான் எழுத்து தெரியும். வெள்ளைப்பாண்டியின் கடையில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமில்லை. பழத்தைப் பிழிந்து, ஈர்க்குச்சியைத் தொட்டு, தளவாய் முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதினார். காய்ந்ததும் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. எல்லோருக்கும் மெத்த திருப்தி.

பத்து நாளில் பதில் வந்தது. ‘மேலே வெறும் தாளும் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் கிடைத்தன. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை’ என்று முதல் வரியிலேயே இருந்தது.

“மேலுக்கு இப்படித்தான் எழுதுவாவ. உள்ள வேற எழுதியிருப்பாவ” என்றார் மாசானம். சொன்ன கையோடு கடிதத்தை மேஜையில் விரித்துக் கரி இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்த்தார். ரகசிய எழுத்து வரட்டும் என்று கொஞ்சம் அழுத்தியே தேய்த்தார். புகை வந்தது. மேல்பாதி பிழைத்தது.

பிழைத்த பாதியைத் தளவாய் உரக்கப் படித்தார். ‘இருந்தாலும் கையெழுத்துக் கணக்கு போதும், பதிப்பை வெளியிடுகிறோம். ஒரே ஓர் இசை மட்டும் எந்தக் காட்சிக்கு உரியது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி ஓடுகிறது. படம் பார்த்தவர்கள் அடையாளம் சொன்னால் சேர்ப்போம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம். சனிக்கிழமை காலை ரயிலில் எங்கள் ஆள் அதைக் கொண்டுவருவார். வெளியீட்டுக்கு முன்னால் அது வெளியாட்கள் காதில் விழக்கூடாது. எங்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்ள...’ அதற்குக் கீழே இஸ்திரிப்பெட்டி மூக்கின் வடிவத்தில் ஒரு ஓட்டை.

தளவாய் அந்த வரிகளை இன்னொரு தடவை படித்தார். ஐம்பது வருஷமாக அவர் தேடிய அதே ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. கேட்டு, ரயில் கூரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டில் ஏறிவிடும். சொல்லாவிட்டால் போயே போய்விடும்.

“ஆளத் தெரியாம எப்படிப் பிடிக்க?” என்று அவர் கேட்டார்.

“அதுக்குத்தாம்வே ரகசிய வாக்கியம்னு ஒண்ணு இருக்கு” என்றார் நல்லபெருமாள். “நாம ‘மானம் கறுத்திருக்கே’ன்னு சொல்லணும். அவரு ‘எங்கிட்ட ரெண்டு குடை இருக்கு’ன்னு சொல்லணும்.”

“அது அவருக்குத் தெரியுமா அண்ணாச்சி?”

“தெரிஞ்சா அது என்ன ரகசியம்?”

இந்தப் பதிலில் இருந்த ஆழத்துக்கு மூவரும் தலையாட்டினார்கள். மேற்கொண்டு முன்னெச்சரிக்கையாக மன்றத்தின் பலகைமேல் சாக்கைக் கட்டி மறைத்தார்கள். மன்றம் தளவாயின் பட்டறையில்தான் நடந்தது என்பதால் பட்டறைப் பலகையும் சாக்குக்குள் போனது. ஒட்டுக் கேட்பார்கள் என்று நாலு செல்போனையும் அணைத்து அரிசி டப்பாவில் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை நாலு பேரும் இடது கையில் கறுப்புக் கையுறையோடு ரயில் நிலையத்தில் நின்றார்கள். அடையாளம் தெரியாமல் இருக்க மாசானம் தன் சொந்த மீசைக்கு மேல் ஓர் ஒட்டு மீசை வைத்திருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. ரயில் வந்தது. தோளில் கறுப்புப் பை மாட்டிய இளைஞன் ஒருவன் இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேரே அவர்களிடம் வந்தான்.

வெள்ளைப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். “மானம் கறுத்திருக்கே.”

இளைஞன் அண்ணாந்து பார்த்தான். “இல்லையே சார். நல்ல வெயில்தானே அடிக்குது?”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான் கானக்குடில்லேருந்து வரேன். இங்க தளவாய்னு ஒருத்தரைப் பார்க்கணும். உங்களுக்குத் தெரியுமா?” என்று அவன் தளவாயைப் பார்த்தே கேட்டான்.

தளவாய் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. காயில் போகாத மோட்டாருக்குக் காயில் போய்விட்டது என்றுகூடச் சொன்னதில்லை. ஆனால் வாக்கியம் தெரியாத ஆள் போலி என்பதில் சந்தேகம் இல்லை, போலியின் கையில் இசை சிக்கக்கூடாது.

“தளவாயா? அப்படி ஒரு ஆள நான் கேள்விப்பட்டதே இல்ல” என்றார்.

இளைஞன் குழம்பிப்போய் ஊருக்குள் போனான். வெள்ளைப்பாண்டி சளைக்காமல் இறங்கினவர்கள் எல்லோரிடமும் வானம் கறுத்திருப்பதைச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிப் பெட்டியிலிருந்து அழுக்கு மூட்டையோடு ஒருவர் இறங்கினார். பெயர் சங்கிலி, குடை ரிப்பேர் செய்கிறவர்.

“மானம் கறுத்திருக்கே.”

“அதுக்கென்ன அண்ணாச்சி? எங்கிட்ட ரெண்டு குடை இருக்கு. கையில பிடிச்சுப் பாருங்க, கம்பி எல்லாம் புதுசு.”

நாலு பேரும் சங்கிலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். புரோட்டா போட்டு உபசரிக்கப் பட்டறைக்கு அழைத்துப்போக, அவர் மூட்டையை மாசானம் தலையில் சுமந்தார். தளவாயும் பின்னாலேயே ஓடப் பார்த்தார்.

நல்லபெருமாள் தடுத்தார். “நீரு இங்கேயே இரும். அந்தப் போலி ரயிலேறிப் போற வரைக்கும் கண்காணிக்கணும். செயலாளர் வேலை அதுதான்.”

“அண்ணாச்சி, அங்க என் இசைய...”

“நீரு வராம நாங்க போடமாட்டோம்வே.”

இளைஞன் ஊரெல்லாம் அலைந்து, சாக்குக் கட்டின பலகையை நாலு தடவை தாண்டிப் போய், போன் போட்டுப் போட்டுச் சலித்து, மத்தியானம் ரயில் நிலையத்துக்கே திரும்பி வந்தான். தூணுக்குப் பின்னால் ஒரு கையுறை தெரிந்தது. பக்கத்தில் போனான். பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்தான்.

“பெரியவரே, வந்ததுக்கு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க. இது எங்கேயாவது கேட்ட மாதிரி இருக்கா?”

அழுத்தினான். சக்கரம் தண்டவாளத்தில் தட்டுகிற மாதிரி ஒரு தாளம், அதன்மேல் மெதுவாக ஒரு புல்லாங்குழல். தளவாய்க்கு மயிர்க்கூச்செறிந்தது. அதேதான். ஐம்பது வருஷமாக அவர் பட்டறையில் முணுமுணுத்த அதே குழல், அவர் முணுமுணுத்ததைவிட அழகாக இருந்தது. அடுத்த கணம் கடிதம் ஞாபகம் வந்தது. வெளியாட்கள் காதில் விழக்கூடாது. நிறுவனத்தின் ஆள் அங்கே புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்க, திருட்டு இசையை ஒரு போலியிடம் கேட்பதா? தளவாய் இரண்டு காதிலும் விரலை விட்டு இறுக்க அடைத்துக்கொண்டார். எடுத்துவிடு எடுத்துவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அப்போதும் விரலை எடுக்கவில்லை. நல்ல மனிதர்.

“பிடிக்கலையா? நிறுத்திடவா?” என்று இளைஞன் கேட்டான். தளவாய்க்கு அது காதில் விழவில்லை. போதும் போ என்கிற மாதிரி தலையை வேகமாக ஆட்டினார். இளைஞன் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு ரயிலேறினான்.

தளவாய் மூச்சிரைக்கப் பட்டறைக்கு ஓடினார். அங்கே சங்கிலி ஏழு புரோட்டாவை முடித்திருந்தார். அந்த இசை விசிலில்தான் முடிகிறது என்று மாசானத்திடமும், டிரம்பெட்டில்தான் முடிகிறது என்று மற்றவர்களிடமும் ஒப்புக்கொண்டிருந்தார். இசையை எடுங்கள் என்றதும் இரண்டு குடைகளை எடுத்தார். துணிக்குள் நாடாவை வைத்துத் தைத்திருப்பார் என்று ஊகித்து, இரண்டையும் விலைக்கு வாங்கி மாசானம் தையலைப் பிரித்தார். துணிதான் இருந்தது.

“எவ்வளவு பத்திரமா வச்சிருக்காரு பாத்தீரா? நம்மகிட்டயே காட்டலை” என்று நல்லபெருமாள் மெச்சினார்.

மூன்று மாதம் கழித்து விரிவான பதிப்பு வந்தது. மாடிப்படி இருந்தது. ஒளிந்துகொள்வது இருந்தது. ரயில் கூரை மட்டும் இல்லை. கூடவே நிறுவனத்தின் கடிதம் ஒன்று:

‘ஓர் இசையைச் சேர்க்க முடியவில்லை. உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் எங்கள் ஆள் அதை ஒரு பெரியவருக்குப் போட்டுக் காட்டினார். அவர் சகிக்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு அழுதார். தளவாய் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று காலையில் சொன்னவரும் அவரே. ரசனையுள்ள ஊரிலேயே இப்படி என்றால் மற்ற இடங்களில் என்ன சொல்வார்கள் என்று விட்டுவிட்டோம். அந்தப் பெரியவர் மனம் மாறினால் அடுத்த பதிப்பில் சேர்ப்போம்.’

பட்டறையில் நல்லபெருமாள் அதை உரக்கப் படித்து முடித்தார். தளவாயின் முகம் சிவந்துவிட்டது.

“என்னத் தெரியாதுன்னு சொல்லுத ஆளு இந்த ஊர்ல இருக்கானா?”

“அன்னைக்கு நீருதானவே அங்க காவல் இருந்தீரு. உம்ம கண்ணுல படலையா?” என்று நல்லபெருமாள் கேட்டார்.

“காலையிலேருந்து ரயில் போற வரைக்கும் நான் அந்தத் தூண விட்டு அசையல அண்ணாச்சி. அந்தப் போலிப் பயலத் தவிர அங்க ஒரு குருவி கிடையாது.”

“அப்ப உம்ம பக்கத்துலயே நின்னு, உமக்கே தெரியாம வேலைய முடிச்சிருக்கான். அவன்தாம்வே உண்மையான உளவாளி” என்றார் நல்லபெருமாள். மற்ற இருவரும் ஆமோதித்தார்கள்.

அன்று தொடங்கியது தேடல். தளவாய் பட்டறையைப் பூட்டிவிட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தின் நகலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி, “தளவாய்னு ஒருத்தரத் தெரியுமா?” என்று கேட்டுக்கொண்டு போனார். “என்ன அண்ணாச்சி, உங்களத் தெரியாமலா?” என்று ஒவ்வொருவரும் சொல்ல, ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்தார்.

“பிடிச்சா என்ன செய்யப் போறீரு?” என்று கடலைமிட்டாய்க் கடைக்காரர் கேட்டார்.

தளவாய் பல்லைக் கடித்தார். “என்ன செய்யவா? அந்தப் பயலக் கையும் களவுமாப் பிடிச்சு, காதுலேருந்து விரலப் பிடுங்கிப் போட்டுட்டு, அந்த இசையக் கடைசி வரைக்கும் கேக்க வைக்காம விடமாட்டேன்.”