பூனைக்குத் திறந்த கதவு

சிங்கமுத்துத் துரை என்றால் ஜமீனே நடுங்கும். அவர் பங்களாவுக்குள் வேலைக்குப் போனவர்கள் வெளியே வந்ததில்லை. கதவெல்லாம் பூட்டு, கதவுக்கொரு தடியன்.

"எல்லாம் என்மேல வச்ச பாசம்" என்பார் துரை. யார் மறுத்துப் பேசுவது? சாட்டை சுவரிலேயே தொங்கியது.

அந்தப் பாசம் அவர் வளர்த்த பூனைக்கு மட்டும் இல்லை. கதவு ஒரு விரற்கடை திறந்தால் போதும், பாயப் பார்க்கும். ஒருநாள் பாய்ந்தே போய்விட்டது.

பூனைக்குப் பால் வைக்கும் மாடத்தியை இழுத்து வந்தார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள பூனை தானா வீடு திரும்பணும். இல்லேன்னா உன் முதுகுத்தோல் உனக்கில்லை" என்றார் துரை.

மற்ற வேலைக்காரர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். மாடத்திக்கு நாக்குக் குழறவில்லை.

"பால் நேரத்துக்கு வந்துரும் எசமான். ஆனா பூட்டின வீட்டுக்குள்ள எப்படி வரும்? கதவெல்லாம் திறந்து போடுங்க. தடிக்காரங்களைக் கண்டா மிரளும், அவங்களைக் கொல்லைக்கு அனுப்பிருங்க. அது குரல் குடுக்குற வரைக்கும் நீங்களும் அறையைவிட்டு வராதீங்க."

துரை அப்படியே செய்தார். பொழுது சாயும் நேரம் 'மியாவ்' என்று சத்தம் கேட்டது.

"ஏ மாடத்தி, வந்துட்டுடீ! பாலைக் கொண்டா!"

துரை அடுக்களைக்குப் போய்ப் பார்த்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. பங்களாவில் ஈ காக்கை இல்லை.

பூனை காலிக் கிண்ணத்தை முகர்ந்தது. துரையைப் பார்த்தது. திறந்து கிடந்த வாசலைப் பார்த்தது.

"ஐயோ, நீயும் போயிடாதே!" என்று அலறிக்கொண்டு துரை கதவைச் சாத்த ஓடினார்.

பூனை முந்திக்கொண்டது.