பெட்டிக்கு வைத்த பொட்டு

ஒரு விடுகதை போடுகிறேன். தொட்டால் விழித்துக்கொள்ளும். தொட்ட விரலை எடுக்காமல் வைத்திருந்தால் மறுபடியும் தூங்கிப்போகும். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டாம். கதை முடிவதற்குள் சொரிமுத்துவே கண்டுபிடித்துவிடுவார்.

சொரிமுத்து, சங்கரன்கோவிலில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கோமதி டீச்சரின் சீடர். சீடருக்குத் தலை நரைத்துவிட்டது. டீச்சருக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் சொரிமுத்து. ஒருநாள் முழங்கால் கிளட்சை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டது. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை, "நாற்காலியில உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒண்ணு இருக்கு. வாரீகளா அண்ணாச்சி?" என்று கூப்பிட்டவர் கோமதி.

முதல் நாள் முதல் பாடம் இதுதான்:

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் பெட்டி எதுக்கும் அசையாம நின்னுபோச்சுன்னா, இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருங்க. அணைஞ்சிரும்."

"விட்டுவிட்டு அமுக்கணுமா?"

"விடவே கூடாது. விடாம இருந்தாத்தான் அணையும்."

அதற்குப் பிறகு எத்தனையோ பாடம். எல்லாவற்றையும் சொரிமுத்து கற்றுக்கொண்டார். ஆனால் டீச்சர் பக்கத்தில் இல்லாமல் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை.

விஜயதசமி அன்று காலையில் டீச்சர் சொன்னார்:

"நல்ல நாளு. இன்னையிலேருந்து தனியா போங்க அண்ணாச்சி."

சொரிமுத்து டீச்சரின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீக டீச்சர். வீட்ல மூலையில கிடந்தவனை ஆளாக்கினது நீங்க. அதுக்கு நான் எப்படித்தான் நன்றி காட்ட? கடைசி வரைக்கும் உங்க பையைத் தூக்கிக்கிட்டு உங்க பின்னாடியே வந்துருதேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

டீச்சரின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு, "தெற்குத் தெருவுல ஒரு பெட்டி ஓடலையாம்" என்றார். "வாங்க. இன்னைக்கு வேலை உங்களுது. நான் சும்மா வாரேன்."

*

அந்த வீட்டில் இருந்தது அம்மாவும் மகளும். அம்மா வடிவு, ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள். மகள் மதிவதனி, ஐந்தாம் வகுப்பு.

வாசலிலேயே வடிவு தொடங்கிவிட்டாள்.

"முந்தாநாள் வரைக்கும் நல்லா ஓடிச்சு அண்ணாச்சி. நேத்து ஆயுத பூசை. பூசைக்கு வச்ச பொருளைத் தொடக் கூடாதுல்ல? ஒருத்தரும் தொடலை. இன்னைக்குக் காலையில தீபம் காட்டிட்டு அமுக்குதோம், பெட்டியில லைட் எரியுது, உள்ள காத்தாடி சுத்துது, ஒரு மூச்சு விடுததுக்குள்ள பொசுக்குன்னு அணைஞ்சிருது."

"யாரும் தொடாததுதான் கோபமோ என்னமோ" என்றார் சொரிமுத்து. வடிவு சிரித்தாள். மதி சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, எப்படியாச்சும் சரி பண்ணிருங்க. போன வருஷம் பூரா இவ காலுக்குக் கட்டுப் போட்டுக் கட்டில்ல கிடந்தா. பள்ளிக்கூடம், வாத்தியாரு, கூட்டாளி எல்லாம் அந்தப் பெட்டிதான். அதுல படிச்சுத்தான் பாஸ் பண்ணினா. இது போச்சுன்னா இன்னொண்ணு வாங்க என்னால ஏலாது."

மதி இடது காலை லேசாக இழுத்து நடந்து போய், மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில், சரியாக நடுவில், ஒரு பெரிய சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். பட்டன் எது, பெட்டி எது என்று தெரியாதபடி அகலமாக அப்பியிருந்தது.

சொரிமுத்து செருப்பை வாசலில் விட்டிருந்தார். பொட்டைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். லாரி ஓட்டிய காலத்தில் ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த கை அது.

"பொட்டு கலையாம பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"எனக்குத் தெரியாதா தாயி?"

குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல, பொட்டின் நடுவில் நகத்தின் நுனியால் அமுக்கினார். லைட் எரிந்தது. காத்தாடி சுற்றியது. பொசுக்கென்று அணைந்தது.

டீச்சர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வடிவு கொடுத்த சுண்டலைச் சாப்பிடத் தொடங்கினார்.

சொரிமுத்து ஒயரை மாற்றிப் பார்த்தார். வேறு பிளக்கில் செருகிப் பார்த்தார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். பொட்டு அதிரக் கூடாது என்று, பெட்டியைச் சாய்க்காமல், தானே சாய்ந்து வேலை பார்த்தார். தூசியை ஊதினார். ரேம் என்னும் நினைவுத் தகட்டைக் கழற்றி, அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினார். கரண்ட் பிரித்துக் கொடுக்கும் உள்பெட்டியை எடுத்துவிட்டுத் தங்கள் பையில் இருந்ததை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதே லைட், அதே காத்தாடி, அதே பொசுக்.

"டீச்சர், நீங்க ஒரு பார்வை பாருங்களேன்."

"சுண்டல் நல்லா இருக்கு" என்றார் டீச்சர்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொரிமுத்து நிமிர்ந்தார். இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது.

"எல்லாம் பாத்துட்டேன் தாயி. மதர்போர்டு போயிருச்சு போல. இது பழைய காலத்துப் பெட்டி, இதுக்கு இனி அந்தப் போர்டு கிடைக்காது. உள்ள இருக்கிற பாடம், படம் எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்துருதேன். பெட்டி…"

வடிவு முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். மதி பெட்டியின் மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

சொரிமுத்துவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. டீச்சர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீகளா டீச்சர்? இதுக்குத்தான் சொன்னேன். நீங்க இல்லாம எனக்கு ஆகாது. உங்க பின்னாடியே இருந்துருதேன். விட்டுராதீக."

டீச்சர் எழுந்து வந்தார்.

"சரி, தகட்டை மூடுங்க."

"ஸ்க்ரூடிரைவரை எடுங்க டீச்சர்."

டீச்சர் எடுத்து நீட்டினார். சொரிமுத்து பிடித்தார். இழுத்தார். வரவில்லை. மறுமுனையை டீச்சர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்?"

"கொடுத்துட்டேனே அண்ணாச்சி."

"கொடுத்தீக. கையை எடுக்கலையே?"

"உங்களுக்குன்னுதான கொடுக்குதேன். பிரியமாத்தான் கொடுக்குதேன்."

"அது சரி…" சொரிமுத்து இன்னொரு இழுப்பு இழுத்தார். ஸ்க்ரூடிரைவர் இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிரியமாவே இருக்கட்டும் டீச்சர். நீங்க விட்டாத்தான நான் வேலை பார்க்க முடியும்? இப்படி விடாமப் பிடிச்சிருந்தா…"

சொரிமுத்து நிறுத்தினார்.

அவர் வாய் அப்படியே திறந்திருந்தது. கண் மட்டும் மெல்ல நகர்ந்து, பெட்டியின் முகத்துக்குப் போனது.

டீச்சர் ஸ்க்ரூடிரைவரை விட்டார்.

சொரிமுத்து அதை மேசையில் வைத்துவிட்டு, வலிக்கிற முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தார். பெட்டியின் முகம் அவர் முகத்துக்கு நேராக வந்தது. இத்தனை நேரமும் அதன் முதுகையும் விலாவையும் பார்த்திருக்கிறார். முகத்தைக் கும்பிட்டாரே ஒழிய, பார்க்கவில்லை.

நகத்தால் பொட்டை அமுக்கினார். உள்ளே போயிற்று. நகத்தை எடுத்தார். பொட்டு உள்ளேயே இருந்தது. லைட் எரிந்து அணைந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் கழித்து, தூக்கத்தில் புரள்கிறவனைப்போல, பட்டன் மெதுவாக வெளியே வந்தது.

"இதை யாரு வச்சது?" என்று கேட்டார்.

"நான்" என்றாள் மதி.

"வெறும் சந்தனம் இப்படி ஒட்டாதே தாயி?"

மதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"கோந்து கலந்தேன்."

"கோந்தா?" என்றாள் வடிவு.

"போன வருஷம் வச்ச பொட்டு மறுநாளே உதிர்ந்துருச்சு. இந்த வருஷம்தான் நான் எந்திரிச்சு நடக்கேன். இந்தப் பெட்டி இல்லாட்டா நான் பாஸாகியிருக்க மாட்டேன். அதான் அடுத்த பூசை வரைக்கும் உதிராம இருக்கணும்னு…"

சொரிமுத்து பட்டனை இன்னொரு தடவை அமுக்கினார்; விடாமல் அமுக்கிப் பிடித்த விரலைப்போல, கோந்து அதை உள்ளேயே பிடித்து வைத்தது.

"அப்ப, என்னாலதானா?" என்று கேட்டாள் மதி.

வடிவு இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் முந்திக்கொண்டார்.

"உன்னாலதான்."

மதியின் உதடு கோணியது. சொரிமுத்து அவளைப் பார்த்தார். டீச்சர் என்ன செய்யப் போகிறார் என்று இந்தத் தடவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெட்டி கோபமா இருக்கும்னு நினைக்கியா?"

மதி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"கேட்டுப் பார்ப்போம். ஆனா இந்தப் பொட்டை எடுக்கணும். நீ வச்சது. நீ சொன்னாத்தான் நான் கை வைப்பேன்."

"நல்ல நாளும் அதுவுமா பொட்டை அழிக்கதா அண்ணாச்சி?" என்றாள் வடிவு.

"மகளைத்தான் கேட்டேன் தாயி."

மதி உள்ளே போனாள். நனைத்துப் பிழிந்த துணியோடு வந்தாள். அவரிடம் கொடுக்காமல் தானே துடைத்தாள். குங்குமம் போனது, சந்தனம் போனது, பட்டனைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் மட்டும் நின்றது. அதைச் சொரிமுத்து ஒரு பல் குத்தும் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். கடைசித் துணுக்கு வந்ததும், டிக் என்று ஒரு சத்தம். பட்டன் துள்ளி வெளியே வந்தது.

"அமுக்கு. அமுக்கிட்டு விரலை எடுத்துரு."

மதி அமுக்கினாள். எடுத்தாள்.

லைட் எரிந்தது. காத்தாடி சுற்றியது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. வடிவு கும்பிட்ட கையோடு நின்றாள். காத்தாடி சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் ஒரு நீல வெளிச்சம் வந்தது. அதில் மதியின் படம் வந்தது. காலில் வெள்ளைக் கட்டோடு, கட்டிலில் உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் படம்.

"கோபம் இல்லை போலிருக்கே" என்றார் சொரிமுத்து.

வடிவு அழுதுகொண்டே அடுக்களைக்குப் போனாள். காபியோடு, ஒரு பை நிறையப் பொரியும் கடலையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்றாள். அதை அவரிடம்தான் சொன்னாள். அவர் டீச்சரைக் கை காட்டப் போனார். டீச்சர் சுண்டல் கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது டீச்சரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு மூடினார்.

"கழுகுமலை ரோட்டுல ஒரு பெட்டி. திரை வரலையாம்."

சொரிமுத்து எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"டீச்சர், காலையில நான் ஒண்ணு கேட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி காட்டன்னு."

"ஆமா."

"நீங்க பதிலே சொல்லலையே?"

"திரை வரலைன்னு ஒருத்தங்க காத்திருக்காங்க அண்ணாச்சி."

சொரிமுத்து பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார். பிறகு குனிந்து செருப்பை மாட்டினார். கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது. நொண்டி நொண்டித் தனியாகப் போகும் காலடி தெருமுனை வரைக்கும் கேட்டது.

மதி சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தாள்.

"டீச்சர், இப்ப நான் மறுபடி வைக்கட்டுமா, வேண்டாமா?"

"உன் பெட்டி. உன் சந்தனம்."

"வச்சா நாளைக்கு உதிர்ந்துருமே?"

"உதிரும்."

மதி மேசையைப் பார்த்தாள். மேசையில் கிண்ணம் இருந்தது. அதன் பக்கத்தில் கோந்து பாட்டிலும் இருந்தது. அவள் சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்தாள். பெட்டியின் மேல்பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். கோந்து பாட்டிலை மூடிப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டாள்.