பிராதில் விட்டுப்போன வரி

கடலோரத்து ஊர் ஒன்றில் நூகு லெப்பை ஆலிம் காஜியாராக இருந்து நீதி சொல்லிவந்தார். அவரிடம் சட்டம் ஓதிக்கொண்டே பிராது எழுதும் வேலையும் பார்த்தவர் அபூதாகிர். நாற்பதைத் தாண்டிய மனிதர். சொத்துச் சண்டைகளை எழுதி எழுதி அவருக்கு எந்த முகத்தைப் பார்த்தாலும் பாகப்பிரிவினை ஞாபகம்தான் வந்தது.

அன்று நடுப்பகல் லுகர் தொழுகைக்குப் பிறகு செய்னம்பு மறுபடியும் வந்தாள். எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, அபூதாகிரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று அழைத்துப் பேசிவிட்டுப் போவாள்.

அவள் கணவர் மீராசா மரைக்காயர் ஏறிப்போன தோணி திரும்பி வரவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் அழுது ஓய்ந்து, இறந்தவர்களுக்கான பாத்திஹாவும் ஓதிவிட்டார்கள். செய்னம்பு வீட்டில் மட்டும் ஓதவில்லை. இதற்குள் மீராசாவின் தம்பி கலந்தர் கோடாலியோடு தென்னந்தோப்பில் இறங்கிவிட்டான். அண்ணன் போய்விட்டார், ஆண்பிள்ளை இல்லை, தனக்கும் பங்கு உண்டு என்பது அவன் பேச்சு. பேச்சில் தப்பில்லை. அவசரம்தான் சகிக்கவில்லை. அந்தத் தோப்பு போனால் செய்னம்புவுக்கும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுக்கு வழியில்லை.

வாரிசுப் பங்கு கேட்கும் பிராதில் முதல் வரியே, இன்னார் இறந்துவிட்டார் என்பதுதான். அது இல்லாத பிராது நிற்காது. அந்த ஒரு வரியைத்தான் அவள் சொல்ல மாட்டேன் என்றாள். கடலுக்குப் போனவர்களைப் பற்றி அவ்வூர்ப் பெண்கள் ‘பயணத்தில் இருக்கிறார்கள்’ என்பதைத் தவிர வேறெதுவும் வாயால் சொல்வதில்லை. அதனால் அந்த வரியைச் சொல்ல மனம் வந்தால் வரச்சொல்லி அபூதாகிர் அவளைத் திருப்பித் திருப்பி அனுப்பியிருந்தார்.

அவருக்கு அலுத்துவிட்டது.

“மவுத்தாயிட்டாங்கன்னு ஒரு சொல்லு சொல்லும்மா. மத்ததை நான் எழுதிக்கிறேன்.”

“அவங்க பயணத்துல இருக்காங்க, காக்கா.”

அபூதாகிர் பிராதைக் காஜியாரிடம் கொண்டுபோனார். தள்ளிவிடலாம் என்றார். இல்லாவிட்டால் அந்த வரியைத் தானே சேர்த்துவிடுவதாகவும் சொன்னார், ஊருக்கே தெரிந்த சாவுதானே. அவள்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. களைப்புக்கு அடியில் எங்கோ கிடந்தது.

காஜியாரும் களைத்துத்தான் இருந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தார்.

“மேலே ‘வாரிசுப் பங்கு கோரி’ன்னு இருக்கே, யார் எழுதினது?”

“நான்தான், அஸரத். எல்லாரும் அதுக்குத்தானே வர்றாங்க.”

“அவ கேட்டாளா?”

அபூதாகிர் யோசித்துப் பார்த்தார். தோப்பை வெட்ட விடாதீர்கள் என்று மட்டும்தான் அவள் முதல்நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். தலைப்பு அவருடைய கைப்பழக்கம். அவருக்கு முகம் சுண்டிப்போனது.

காஜியார் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, ‘காணாமற்போனவரின் சொத்தைக் காக்கக் கோரி’ என்று எழுதினார். வேறு ஒரு வரியையும் தொடவில்லை. பிறகு கலந்தரை வரவழைத்து விசாரித்தார். அண்ணன் இறந்ததைக் கண்ணால் கண்ட சாட்சி அவனிடம் இல்லை. அப்படியானால் மீராசாவின் தோப்பு மீராசாவுடையதாகவே இருக்கட்டும், அதன் வருமானம் மனைவி மக்களின் சாப்பாட்டுக்கு, ஒரு மரத்திலும் கோடாலி படக்கூடாது என்று தீர்ப்பானது. கலந்தர் முணுமுணுத்துக்கொண்டே போனான். செய்னம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்தது போலவே சத்தமில்லாமல் போனாள்.

எல்லோரும் போன பிறகும் அபூதாகிருக்கு மனம் ஆறவில்லை.

“அவர் வரமாட்டார்னு நமக்குத் தெரியும், அஸரத். அவளுக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“அப்போ இது எதுவரைக்கும்?”

காஜியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“ஒருநாள் அவளே வந்து அந்த வரியைச் சொல்லுவா. அன்னைக்காவது அவளை முதல்ல உட்காரச் சொல்லு.”