சிம்மாசனம் மலையேறிய கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குப் புதுச் சிம்மாசனம் ஒன்று செய்து கொண்டுவந்தார்கள். கருங்காலி மரம், இலவம்பஞ்சு மெத்தை, கை வைக்கும் இடத்தில் இரண்டு யானைத் தலைகள். ராஜாவின் பெயர் மகிழ்மாறன். நல்லவர்தான். குடிகளை வதைக்க மாட்டார். யாராவது எதிரில் நின்று அழுதால் தானும் மூக்கை உறிஞ்சுவார். ஆனால் ஒரு பொருள் மனசுக்குப் பிடித்துவிட்டால் அதை விடமாட்டார். அந்த மெத்தையில் உட்கார்ந்து பார்த்தவர், குளிக்கும் நேரம் தவிர எழுந்திருப்பதே இல்லை என்றாகிவிட்டது. சாப்பாடு அங்கே, வழக்கு விசாரணை அங்கே, மத்தியானத் தூக்கமும் அங்கேதான்.

"இனி எந்த அரச காரியத்துக்காகவும் நாம் இதை விட்டு எழப்போவதில்லை" என்று சபையில் அறிவித்தும் விட்டார்.

அந்தச் சபையில் திருமேனி என்று ஒரு விகடகவி இருந்தான். பெயர்தான் திருமேனி, ஆள் முருங்கைக்காய். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். சிரிக்கிற நேரம் பார்த்து ஊர்க்குறையை அவர் காதில் போட்டுவைப்பது அவனாக ஏற்றுக்கொண்ட வேலை. இதனாலேயே சுங்க அதிகாரி ஆபத்சகாயத்துக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஆபத்சகாயம் வெளியே கிளம்பினால் முன்னால் வெள்ளித்தடிக்காரர்கள், பின்னால் குடைக்காரர்கள். ஆனால் அரசர் சிரிப்பது மட்டும் திருமேனியின் பேச்சைக் கேட்டுத்தான். அதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்த நாட்டில் ஊருக்கு ஊர் சபை உண்டு. பள்ளிக்கூடமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் மணலும் ஓலையும் எழுத்தாணியும் தவிர வேறொன்றும் கிடையாது. துறைமுகத்திலோ பூகோள உருண்டை, தூரக்கண்ணாடி, அச்சுப்பொறி என்று புதுப்புதுக் கருவிகள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. நம் பிள்ளைகளும் இதையெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டாமா என்று ஊர்ச்சபைகள் யோசித்தன. சந்தைச் சுங்கத்தில் ஒரு பங்கை அரண்மனைக்கு அனுப்பாமல் ஊரிலேயே நிறுத்தி, அதைக்கொண்டு பள்ளிக்கருவிகள் வாங்குவது என்று தீர்மானம் போட்டன. வாய்க்கால் தண்ணீருக்காக ஓயாமல் சண்டை போடும் மேலையூரும் கீழையூரும்கூட இதற்குக் கை தூக்கின. அரசரின் முத்திரை ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்க யாருக்கும் தைரியம் வராததால் எல்லோரும் திருமேனியைத் தேடி வந்தார்கள்.

திருமேனி சபையில் எழுந்து விஷயத்தைச் சொன்னான். அரசர் யானைத் தலைகளைத் தடவியபடி கேட்டார். முகம் மலர்ந்துதான் இருந்தது.

ஆபத்சகாயம் சும்மா இருப்பாரா? சுங்கம் குறைந்தால் வெள்ளித்தடியும் குறையுமே!

"அரசே, ஊர்ச்சபைகளின் ஆதரவு என்பது வெறும் வாய்ப்பேச்சு. மேலையூரும் கீழையூரும் ஒரு காரியத்தில் சேர்ந்து நின்றதாக வரலாறு உண்டா? இன்று கை தூக்குவார்கள், நாளை அந்தக் கையாலேயே அடித்துக்கொள்வார்கள். அது போகட்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கருவிகள் தேவைதானா என்று தாங்கள் நேரில் பார்த்தீர்களா? பார்க்காத ஒன்றுக்கு முத்திரை வைப்பது ராஜநீதி ஆகுமா?"

அரசர் மோவாயைத் தடவினார். "அதுவும் சரியாகத்தான் படுகிறது. திருமேனி! ஊர்ச்சபைகளின் ஆதரவை நாம் உணர வேண்டும். நம் நாட்டையும் அதன் பள்ளிக்கூடத்தையும் கண்ணால் காண வேண்டும். ஆனால் இந்தச் சிம்மாசனத்தை விட்டு எழமாட்டோம். பௌர்ணமிக்குள் இதைச் செய்து காட்டினால் முத்திரை உண்டு."

"செய்து காட்டாவிட்டால்?" என்று ஆபத்சகாயம் எடுத்துக் கொடுத்தார்.

"நீரே சொல்லும்."

"பள்ளிக்கருவிப் பேச்சை இந்தச் சபையில் இனி எவரும் எடுக்கக் கூடாது. திருமேனி ஒரு வருஷம் வாயைத் திறக்கக் கூடாது."

சபை கொல்லென்று சிரித்தது. திருமேனி சிரிக்கவில்லை. வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை ஏது? ஆனாலும் குனிந்து வணங்கி, "ஆதரவை உணர வேண்டும், நாட்டைக் காண வேண்டும், எழக் கூடாது. அப்படியே ஆகட்டும், அரசே" என்றான்.

வீட்டுக்குப் போன திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன, வாயை அதுக்குள்ள அடைச்சுட்டாங்களா?" என்று கேட்டாள் அவன் மனைவி செங்கமலம். அவன் நடந்ததைச் சொன்னான். "பெரிய கூத்துதான். உங்க ராஜாவைச் சிம்மாசனத்தோட தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு" என்று சலித்துக்கொண்டே ரசத்தை ஊற்றினாள். திருமேனி கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் அரண்மனைச் சமையல்கட்டில் தேடி, மூலையில் கிடந்த ஒரு தூரக்கண்ணாடியைக் கண்டெடுத்தான். எவனோ ஒரு கப்பல் வியாபாரி கொடுத்த காணிக்கை அது. ஊதுகுழல் என்று நினைத்து அடுப்பங்கரைக்கு அனுப்பியிருந்தார்கள். ஊதினால் காற்று வராததால் சமையல்காரர்கள் தூக்கிப் போட்டிருந்தார்கள். பிறகு ஊர்ச்சபைத் தலைவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினான்.

ஆபத்சகாயமும் ஆள் அனுப்பினார்.

பௌர்ணமி அன்று காலை தலைவர்கள் அரண்மனையில் கூடினார்கள். மேலையூர்த் தலைவி பேச்சியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். கீழையூர்த் தலைவர் கருப்பண்ண உடையார் எதிர்மூலையில் நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார். திருமேனி சிம்மாசனத்தின் இரண்டு பக்கமும் மூங்கில் கம்புகளைக் கட்டச் சொன்னான். பேச்சியம்மாளை ஒரு பக்கம் முன்னாலும் உடையாரை மறுபக்கம் முன்னாலும் நிறுத்தினான். மற்றவர்கள் பின்னால் தோள் கொடுத்தார்கள்.

"என்ன இது?" என்றார் அரசர்.

"அரசே, ஆதரவு என்றால் தாங்கிப் பிடிப்பதுதானே? தங்களை இதோ ஊர்ச்சபைகள் தாங்கப் போகின்றன. தாங்கள் எழ வேண்டியதில்லை. மெத்தையில் அமர்ந்தபடியே ஆதரவை உணரலாம்."

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்குவதற்குள் சிம்மாசனம் கிளம்பிவிட்டது. அரண்மனைக்குப் பின்னால் இருந்த மலைப்பாதையில் ஏற ஆரம்பித்தது. ஆபத்சகாயம் குடையோடு கூடவே நடந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு சந்தோஷம் தெரிந்தது.

பாதி மலை ஏறியிருப்பார்கள். பேச்சியம்மாள் மூச்சு வாங்கியபடி பொரிந்தாள்.

"ஏன் உடையாரே, எல்லாக் கருவியும் உங்க ஊருக்கே போகுதாமே? நாங்க மட்டும் சும்மா சுமக்கணுமாக்கும்?"

"அடேங்கப்பா! மேலையூருக்குத்தான் மொத்தமும் போகுதுன்னு கேள்விப்பட்டு எனக்கு வயிறு எரிஞ்சுக்கிட்டிருக்கு. நீ என்னைக் கேக்கிறியா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பின்ன நானா சொல்றேன்?"

பேச்சு ஏற ஏறத் தோள் இறங்கியது. சிம்மாசனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அரசர் யானைத் தலைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "திருமேனி! திருமேனி!" என்று அலறினார்.

திருமேனி குரலை நிதானமாக வைத்துக்கொண்டான். "தாராளமாகச் சண்டை போடுங்கள். தோளை மட்டும் எடுத்துவிடாதீர்கள். முதலில் எடுக்கிற ஊர் எது என்று அரசர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்."

இரண்டு தோள்களும் சட்டென்று நிமிர்ந்தன. பேச்சியம்மாள் இப்போது குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, உமக்கு யாரு சொன்னது?"

"சுங்கத்து ஆளுதான். வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போனான்."

"எங்க வீட்டுக்கும் அந்தச் சுங்கத்து ஆளுதானய்யா வந்தான்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக ஆபத்சகாயத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அரசரும் அதே பக்கம் பார்த்தார்.

"ஆபத்சகாயம்!"

"அரசே, அது... அடியேன்... அவர்களின் ஒற்றுமையைச் சோதிக்கத்தான்..."

"பின்னால் அந்தப் பெரியவர் களைத்துப் போயிருக்கிறார். அவர் இடத்தில் நீர் தோள் கொடும். குடை அவருக்கு."

ஆபத்சகாயம் சால்வையை மடித்துத் தோளில் வைத்துக் கம்பைத் தாங்கினார். அதன் பிறகு சிம்மாசனம் சாயவே இல்லை. வேண்டுமென்றே பேச்சியம்மாள் ஒரு தடவை வேகத்தைக் கூட்டினாள், உடையாரும் சேர்ந்து கூட்டினார். பின்னால் ஆபத்சகாயத்தின் மூச்சு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

உச்சியில் சிம்மாசனத்தை இறக்கினார்கள். திருமேனி தூரக்கண்ணாடியை அரசரிடம் கொடுத்தான். அவர் கண்ணில் வைத்தார். முதலில் ஒரு கொக்கு தெரிந்தது. அது இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதா என்று கையை வீசிப் பார்த்தார், கை காற்றில்தான் அலைந்தது. பிறகு ஆறு தெரிந்தது, கரும்புத் தோட்டம் தெரிந்தது, படகுத்துறையில் யாரோ தலை துவட்டுவது தெரிந்தது. தன் நாடு என்று கையெழுத்துப் போட்டுப் பழகியவர், அதை இப்படிப் பார்த்ததே இல்லை.

அப்புறம் கண்ணாடி மலையடிவாரத்தில் போய் நின்றது. ஒரு புளியமரம். அதன் அடியில் பிள்ளைகள். நடுவில் ஒரு பெண் கையில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கண்ணிமைக்காமல் அதையே பார்த்தார்கள். ஓர் ஆடு கிட்டே வந்தது. எல்லோரும் எழுந்து அதை விரட்டினார்கள்.

"அந்தப் பெண் ஏன் பூசணிக்காயைச் சுற்றுகிறாள்?"

"தூரக்கண்ணாடியில் பார்க்கத்தான் முடியும் அரசே, கேட்க முடியாது. கேட்க வேண்டுமானால் அங்கே போக வேண்டும்."

"அப்படியானால் தூக்குங்கள்."

உடையார் தோளைத் தடவிக்கொண்டார். "மகாராஜா, ஆதரவு கொஞ்சம் வலிக்குது. இளைப்பாறிட்டுத் தூக்குறோமே."

அரசர் மறுபடியும் கண்ணாடியில் பார்த்தார். பிள்ளைகள் பூசணிக்காயைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாடம் முடிந்துவிடுமோ என்று அவருக்குத் தவிப்பாக இருந்தது. எழுந்தார். சிம்மாசனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள்.

பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. சிம்மாசனம் இல்லை, குடையும் இல்லை, மூச்சிரைக்க வந்து நிற்கும் ஒரு பெரிய மனிதர், அவ்வளவுதான். ஆசிரியை குமுதவல்லி, "உக்காருங்க ஐயா. பாடம் நடக்குது" என்று தரையைக் காட்டினாள். அரசர் மணலில் உட்கார்ந்தார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி பூசணிக்காயை அவர் மடியில் வைத்தாள்.

"இதாங்க உலகம். வெள்ளையா சுண்ணாம்பு பூசினது நிலம். பச்சையா இருக்கிறது கடல்."

"நம் நாடு எங்கே அம்மா?"

சிறுமி ஒரு மஞ்சள் பொட்டைத் தொட்டுக் காட்டினாள். மிளகு அளவுதான் இருந்தது.

ஆபத்சகாயம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவ்வளவுதானா?" என்றார் அரசர்.

"இதுவே பெருசுங்க. போன பூசணியில இன்னும் சின்னதா இருந்துச்சு. ராஜா பாத்தா வருத்தப்படுவாருன்னு பாடம் சொல்லித் தர்ற அக்காதான் கொஞ்சம் பெருசா வெச்சாங்க."

"போன பூசணிக்கு என்ன ஆயிற்று?"

"அழுகிப்போச்சு. அதுக்கு முந்தினதுல பாதிக் கடலை ஆடு தின்னுருச்சு. நாங்க ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து படிக்கிறோம்."

அரசர் மூக்கை உறிஞ்சினார். அடுத்த நொடி சிரிக்க ஆரம்பித்தார். மடியில் உலகம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பேச்சியம்மாள் சிரித்தாள், உடையார் சிரித்தார், தோள் வலியோடு ஆபத்சகாயமும் சிரித்துவிட்டார். "முத்திரை ஓலையைக் கொடு" என்று அரசர் கை நீட்ட, திருமேனி மடியில் தயாராக வைத்திருந்த ஓலையை எடுத்துக் கொடுத்தான். அரக்கு இல்லை. குமுதவல்லியின் சுண்ணாம்புக் கிண்ணத்தில் மோதிரத்தைத் தோய்த்து அங்கேயே முத்திரை வைத்தார். எல்லா ஊர்களுக்கும் கருவிகள் போய்ச் சேருகிறவரை ஆபத்சகாயமே கூடப் போய் இறக்கி வைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார்.

"திருமேனி, நாம் எழமாட்டோம் என்று சொன்னோம். எழ வைத்துவிட்டாய்."

"நான் எழ வைக்கவில்லை, அரசே. தாங்களாகத்தான் எழுந்தீர்கள்."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. இந்தா, உனக்கு உலகத்தையே பரிசாகத் தருகிறேன்" என்று சொல்லி அரசர் பூசணிக்காயைத் தூக்கி அவன் கையில் வைத்தார்.

"ஐயோ, நாளைக்குப் பாடம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"நாளை என் பொக்கிஷப் பணத்தில் துறைமுகத்திலிருந்து அழுகாத உலகம் ஒன்று வரும்" என்ற அரசர், தன் கைக்காப்பைக் கழற்றித் திருமேனியின் மெலிந்த கையில் மாட்டினார். அது முழங்கை வரை ஏறிப் போயிற்று. அதைப் பார்த்து மறுபடியும் ஒரு பாட்டம் சிரித்தார்.

அன்று சாயங்காலம் செங்கமலம் அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தப் பக்கம் அரியட்டும்?" என்று கேட்டாள்.

திருமேனி பூசணிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கடல் பக்கமா அரி. அந்த மஞ்சள் பொட்டு இருக்கிற துண்டை மட்டும் விட்டுடு. நாளைக்கு ராஜா, நம்ம நாடு எங்கடான்னு கேட்டா, கூட்டு வெச்சுச் சாப்பிட்டுட்டோம்னா சொல்ல முடியும்?"